கடைமடைக்கு வந்து சேராத ஒலி

திருமலைராயன்பட்டினத்தில் அத்தை வீட்டுக் கூடம். டிவிக்கு எதிரே ஊஞ்சல். திரையில் ஒருவர் வாயசைக்கிறார். குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. “அஞ்சு பெட்டி, தியேட்டர் மாதிரி இருக்கும்னு சொல்லித்தாம்ப்பா கொடுத்தாங்க. வசனமே புரியல” என்றார் அத்தை. காரைக்கால் வட்டாரத்தில் பல வீடுகளில் இதே குறையைக் கேட்டிருக்கிறேன். பணம் போட்டு வாங்கியவர்களுக்கு அதற்கான ஒலி கிடைக்க வேண்டும். அதைத் தடுக்கும் ஐந்து நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தால் அதுதான் சரவுண்டு.

உண்மை: இல்லை. 5.1 என்பது ஆறு தனித்தனி ஒலித்தடங்கள். முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, ‘.1’ என்பது அடித்தொனிக்கு மட்டுமான ஒன்று, அதாவது சப்வூஃபருக்குப் போவது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஒலி இருக்கும். அத்தை வீட்டில் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். முன்னால் கேட்ட அதே வசனம், அதே இசை. ஸ்டீரியோவின் இரண்டு தடங்களை ஐந்து பெட்டிக்கும் பிரித்துக் கொடுத்திருந்தது ஆம்ப்ளிஃபையர். குரல் முதுகுப்பக்கம் போனதற்கு அதுவே காரணம்.

நம்பிக்கை 2: எச்டி சேனல் என்றாலே 5.1 ஒலிதான்.

உண்மை: எச்டி என்பது படத்தின் தெளிவு. ஒலி தனிச் சமாச்சாரம். 1996இல் ‘கருப்பு ரோஜா’ என்ற திரைப்படம் டிடிஎஸ் ஒலியோடு வந்தபோது, தியேட்டரில் படம் ஃபிலிம் சுருளில் ஓடியது. ஒலி தனி சிடியிலிருந்து வந்தது. டிவியிலும் படத்துக்கு ஒரு பாதை, ஒலிக்கு ஒரு பாதை. சில எச்டி சேனல்கள் டால்பி 5.1 தடத்தை அனுப்புகின்றன. அப்படிப்பட்ட சேனலிலும் ஸ்டீரியோவில் தயாரான நிகழ்ச்சி ஸ்டீரியோவாகவே இருக்கும். செய்தி வாசிப்பவரின் ஒற்றைக் குரலைச் சுற்றி ஒலிக்க வைக்க அதில் எதுவும் இல்லை.

நம்பிக்கை 3: எந்த ஒயரில் இணைத்தாலும் ஒன்றுதான்.

உண்மை: கோளாறு பெரும்பாலும் இங்கேதான். சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஒயரில் இரண்டு தடம்தான் போகும். அதன் மறுமுனையில் எத்தனை பெட்டி மாட்டினாலும் இரண்டு ஆறாகாது. டால்பி 5.1 போக ஆப்டிகல் ஒயர், எச்டிஎம்ஐ போன்ற டிஜிட்டல் இணைப்பு வேண்டும். டிவியிலிருந்து எடுப்பதானால் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் மாட்ட வேண்டும். சில டிவிகள் செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் 5.1ஐ ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும். அப்போது பாக்ஸிலிருந்தே நேராக ஆம்ப்ளிஃபையருக்கு இணைப்பது நல்லது. பாக்ஸின் ஆடியோ மெனுவில் ‘பிசிஎம்’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்றிருந்தால் ‘டால்பி’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள்.

நம் ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் அரசலாறு வழியாக நம் வயலுக்கு வர, வழியிலுள்ள மதகெல்லாம் திறந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி, சேனல், பாக்ஸ், ஒயர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அப்படிப்பட்ட மதகுகள். ஒன்று அடைத்திருந்தாலும் ஆறு தடம் இரண்டாகச் சுருங்கிவிடும்.

நம்பிக்கை 4: பின் ஸ்பீக்கர் சும்மா இருந்தால் பழுது.

உண்மை: சரியான 5.1இல் அவை பல நேரம் அமைதியாகத்தான் இருக்கும். மழை, கூட்டத்தின் ஆரவாரம், கடந்து போகும் வண்டி என்று சூழலின் ஒலிதான் அவற்றின் வேலை. 5.1இல் வரும் கிரிக்கெட் ஆட்டத்தில் வர்ணனை முன்னாலும் மைதானத்தின் இரைச்சல் பக்கங்களிலும் கேட்கும். பின் ஸ்பீக்கர்களைப் பின்சுவரில் உயரத்தில் ஆணியடித்து மாட்டுவதும் தவறு. முன் ஸ்பீக்கர் இரண்டும் நேர்பார்வையிலிருந்து 30 பாகை விலகியும், பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதாவது உட்கார்ந்திருப்பவரின் காதுக்குச் சற்றே பின்னால்.

நம்பிக்கை 5: வசனம் புரியவில்லையா, சத்தத்தைக் கூட்டு.

உண்மை: கூட்டினால் பாட்டும் சண்டையும் சேர்ந்து கூடும். 5.1இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருகிறது. அதன் அளவை மட்டும் இரண்டு புள்ளி ஏற்றிப் பாருங்கள். ஹோம் தியேட்டர் இல்லாமல் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்கள் பாக்ஸை ‘ஸ்டீரியோ’வில் வைத்துப் பார்க்கலாம். ‘நைட் மோடு’ இருந்தால் அது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். மொசைக் தரையும் வெற்றுச்சுவரும் எதிரொலித்து வசனத்தைக் குழப்பும்; ஒரு ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் அதைத் தணிக்கும்.

அத்தை வீட்டில் அன்று புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஆம்ப்ளிஃபையரின் ‘புரோ லாஜிக்’ பொத்தானை அழுத்தினேன். அது ஸ்டீரியோவின் இரண்டு தடத்திலும் பொதுவாக இருப்பதைப் பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும் முறை. உண்மையான 5.1 ஆகாது, ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்த குரல் திரைக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தை ஊஞ்சலை நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஆறு புள்ளி குறைத்தார்.