245 ரூபாய்ச் சரக்கு 600 ரூபாய் ஆன கதை

2020 மார்ச்சில் மத்திய அரசு முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பொருட்களாக அறிவித்து விலை கட்டியது நினைவிருக்கும். மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய். 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய். மீறினால் வழக்கு. கொள்முதலே 10 ரூபாயைத் தாண்டியபோது நோணாங்குப்பத்தில் நாம் முகக்கவச விற்பனையையே நிறுத்திவிட்டோம்.

அடுத்த மாதமே அரசின் கொள்முதல் சந்திக்கு வந்தது. சீனாவின் வோண்ட்ஃபோ நிறுவனத்தின் துரிதப் பரிசோதனைக் கருவிகள் 5 லட்சத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தலா 600 ரூபாய் வீதம் ஆர்டர் கொடுத்திருந்தது. இறக்குமதி செய்த மேட்ரிக்ஸ் லேப்சுக்கு அடக்கவிலை, சரக்குக்கூலி உட்பட 245. அது ரேர் மெட்டபாலிக்சுக்கு விற்ற விலை 400. அரசுக்கு வந்தபோது 600. இதைத் தணிக்கை எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மீதிச் சரக்கை விடுவிப்பதில் வியாபாரிகளுக்குள் தகராறு வந்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனதால்தான் வெளியே தெரிந்தது! வரி உட்பட 400-க்கு மேல் விற்கக்கூடாது என்று நீதிமன்றம் ஏப்ரல் 24-ல் உத்தரவிட்டது.

தமிழ்நாடு அரசும் 600 ரூபாய்க்கே வாங்கியது. 24,000 கருவிகள் வந்திறங்கின. சத்தீஸ்கர் மாநிலமோ வேறொரு கொரிய நிறுவனத்திடம் வரி நீங்கலாக 337-க்கு வாங்கியிருந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் விலையைக் கேட்டார்; மத்திய நிறுவனம் நிர்ணயித்த விலை என்றார் அமைச்சர் விஜயபாஸ்கர். கருவியும் சரியாக வேலை செய்யவில்லை. ஏப்ரல் 27-ல் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரிகள் பக்கத்தையும் சொல்லவேண்டும். சீன நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டபோது முழுப்பணமும் முன்கூட்டியே டாலரில் வேண்டும், சரக்கு வந்து சேரும் நாளுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். நம்மில் யார் அப்படிப் பணம் கட்டுவோம்? முன்பணம் கொடுக்காததால் ஒரு ரூபாயும் நட்டமில்லை என்றது அரசு. அது நல்ல வியாபாரப் புத்திதான். ஆனால் துறைமுக விலையை விசாரிக்காததை என்னவென்பது?

பணம் தப்பியது, பேர் தப்பவில்லை. நம் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், பரிசோதனைக்குப் போகச் சொன்னபோது, "அதுவும் அந்தச் சீனக் கருவிதானா அண்ணாச்சி?" என்றார். அது வேறு பரிசோதனை என்று நாம் விளக்கியும் அவர் போகவில்லை.

கடைவாசலில் விலைப்பட்டியல் தொங்கவேண்டும் என்பது நமக்குச் சட்டம். 1,204, 1,200, 844, 600 என நான்கு விலைப்புள்ளிகள் வந்தன, அதில் குறைந்ததையே ஏற்றோம் என்று மத்திய அரசு சொன்னது ஏப்ரல் 27-ல். அதாவது வழக்கு செய்தியாகி ஊரெல்லாம் பேசிய பிறகு.