மோர்பின் தொடங்கினால் ஆள் முடிஞ்சுதோ?

“கனடாவில சட்டம் இருக்கு. அப்பாவை அங்க கூப்பிட்டால் நோகாமல் போய்ச் சேருவார்.” யாழ்ப்பாணத்தில் புற்றுநோயாளி இருக்கும் வீடுகளில் அடிபடும் பேச்சு இது. மருத்துவ உதவியுடன் உயிர்விடுதல் அங்கே 2016 முதல் சட்டபூர்வம்தான். ஆனால் அந்நாட்டு அரச மருத்துவக் காப்பீட்டுக்கு உரித்துடையவருக்கே அது பொருந்தும். விசிட் விசாவில் போகிறவருக்கு இல்லை. கேட்கவேண்டியவரும் நோயாளியேதான். ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் முடிவெடுக்கும் பிள்ளைகள் அவருக்காகக் கேட்க முடியாது.

“இலங்கையில இதுக்குச் சட்டமே இல்லை, அப்ப குற்றமும் இல்லை.” முழுப் பிழை. அனுமதிக்கும் சட்டம்தான் இல்லை. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை, 299ஆம் பிரிவில், தற்கொலைக்கு உடந்தையானவருக்கு மரண தண்டனை என்கிறது. (1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு கதை.) தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவு 1998இல் நீங்கியது, உடந்தையானவருக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. இந்தியாவைக் காட்டுவோரும் உண்டு; ஆனால் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதை. ஊசி போட்டு முடிப்பதை அல்ல. அந்தத் தீர்ப்பும் இங்கே கட்டுப்படுத்தாது.

எல்லாவற்றிலும் கூடுதலாகக் கெடுதி செய்வது, “மோர்பின் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது” என்ற பயம். நோவுக்கு அளவறிந்து கொடுக்கும் மோர்பின் சாவை முந்தவைப்பதில்லை; அது கருணைக்கொலையும் அல்ல. சிறிய அளவில் தொடங்கி, நோவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். முதல் சில நாள் நித்திரை தூக்கும். மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து தருவார்கள். நேரம் தவறாமல் கொடுக்கவேண்டிய குளிசையை, “தாங்கேலாமல் போனால் பாப்பம்” என்று அலுமாரியில் வைத்துவிட்டு, நெற்றியில் ஓடிக்கொலோன் பூசிக்கொண்டிருக்கிறோம். கடைசிக் கிழமையில் தொடங்குகிறோம். ஆள் போனதும் பழி குளிசைக்கு.

சட்டம் வேண்டுமா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஆனால் நோவு தணிக்கப்படாத ஒருவர் “என்னை விட்டிடுங்கோ” என்பதை அவருடைய தீர்ந்த முடிவாக எடுக்க எனக்கு மனம் வராது.

“ஆசுப்பத்திரியில துண்டு வெட்டி வீட்ட விட்டால் கைவிட்டதுதான்.” அப்படியல்ல. நோய் மாறாதபோதும் நோவு, மூச்சுத்திணறல், ஓங்காளம், புண் எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. அதுதான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. துண்டு வெட்டும்போதே கேளுங்கள்: இரவில் நோவு கூடினால் எவ்வளவு கொடுப்பது, யாருக்குப் போன் பண்ணுவது, குளிசை முடியமுன் எங்கே எடுப்பது?