லேப்டாப்பில் இடம் இல்லையா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பழைய போன் பேக்கப்பைப் பாருங்க!



"டிஸ்க் ஸ்பேஸ் குறைவாக உள்ளது" என்று லேப்டாப்பில் ஒரு சின்ன மெசேஜ் வரும். அடுத்த பத்து நிமிஷத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? ஷாப்பிங் ஆப் திறந்து புது லேப்டாப்புக்கு இஎம்ஐ எவ்வளவுன்னு பார்ப்போம். இல்லைன்னா போனில் கிளவுட் ஸ்டோரேஜ் பிளானை ஆன் பண்ணிடுவோம். இரண்டுமே மாசா மாசம் சம்பளத்தில் இருந்து போகும் பணம்.

இன்றைய பாடம் அந்தப் பணத்தைப் பற்றியது. உங்க லேப்டாப்பில் இடத்தை அடைச்சிருக்கும் பொருட்களில் ஒண்ணு, பல பேர் கண்ணுக்கே தெரியாதது: நீங்க எப்பவோ வித்துட்ட, உடைச்சுட்ட பழைய போனின் பேக்கப்.

இது எப்படி வந்து உட்காருது?

ஐபோனைக் கேபிள் போட்டு லேப்டாப்பில் இணைத்து பேக்கப் எடுத்திருந்தால், அது லேப்டாப்பின் உள்ளே "மொபைல்சிங்க்" என்கிற ஃபோல்டரில் போய் சேரும். விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால் இது சி டிரைவில்தான். டெஸ்க்டாப்பில் தெரியாது, டவுன்லோட்ஸில் தெரியாது. ஒவ்வொரு போனுக்கும் தனி ஃபோல்டர். போனை மாற்றினால் புது ஃபோல்டர் உருவாகும், பழையது அப்படியே இருக்கும். மூணு போன் மாற்றியிருந்தால் மூணு பேக்கப்.

ஒரு கணக்கு பார்ப்போம். 256 ஜிபி லேப்டாப் வாங்குறீங்க. விண்டோஸ் கணக்கிடும் முறையில் அது சுமார் 238 ஜிபி என்றுதான் காட்டும். அதில் விண்டோஸும் மற்ற சாஃப்ட்வேரும் ஒரு பங்கு எடுத்துக்கும். மீதியில் 40 ஜிபி பேக்கப் இரண்டு இருந்தால் 80 ஜிபி காலி. அதாவது நீங்க காசு கொடுத்து வாங்கிய இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, இல்லாத போனுக்குப் போகுது.

ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரி பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியைக் கூட காய வெச்சு மாட்டுத் தீவனத்துக்கு வித்துடுவாங்க. சும்மா குடோனில் அடைச்சு வைக்க மாட்டாங்க. ஏன்னா இடம்னாலே அது பணம்.

பணம் எங்கே போகுது?

ஆத்தூரில் வீடு, சேலத்தில் வேலை, கையில் ₹22,000 சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கலாம். போக வர தினமும் நூறு கிலோமீட்டர் பஸ். அந்தச் செலவு போக, வீட்டுக்குக் கொடுத்தது போக, மிச்சம் பிடிப்பதே பெரிய விஷயம். அவர் ஐகிளவுடில் 200 ஜிபி பிளானை மாதம் ₹219-க்குப் போடுகிறார். வருஷத்துக்கு ₹2,628. ஐந்து வருஷத்துக்கு ₹13,140.

அதே தொகையை, ரவுண்டா மாதம் ₹220-ஆக, தபால் ஆபீஸ் ஆர்டியில் போட்டால்? 6.7% வட்டிக் கணக்கில் ஐந்து வருஷ முடிவில் சுமார் ₹15,700 கைக்கு வரும். பெரிய பணக்காரர் ஆகிடமாட்டோம். ஆனா ஒரு வருஷ பைக் இன்சூரன்ஸ், ஒரு அவசர ஆஸ்பத்திரி செலவு, இதுக்கெல்லாம் தாங்கும்.

இதில் இன்னொரு குழப்பம் இருக்கு. ஐகிளவுட் இடம் வேற, லேப்டாப் இடம் வேற. லேப்டாப் நிரம்பிடுச்சுன்னு கிளவுட் பிளான் வாங்கினால், உள்ளே இருக்கும் பழைய பேக்கப் தானா போகாது. அதே மாதிரி, லேப்டாப்பில் இருந்து பேக்கப்பை அழித்தால் இலவசமாக வரும் 5 ஜிபி ஐகிளவுடில் ஒரு எம்பி கூட கூடாது. எந்த வீட்டுக்கு எந்த சாவின்னு முதலில் தெரிஞ்சுக்கணும்.

கிளவுட் பிளானே வேண்டாம்னு சொல்ல வரலை. போன் தொலைஞ்சாலும் போட்டோ பத்திரமா இருக்கணும்னா அதுக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. தேவைக்கு வாங்குங்க, பதற்றத்தில் வாங்காதீங்க.

அழிக்கும் முன் மூணு கேள்வி

இங்கேதான் நிதானம் வேணும். ₹219 மிச்சம் பண்ணப் போய், அப்பாவோட கடைசி போட்டோக்களை இழந்துட்டா, அந்த நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

1. இப்போ கையில் இருக்கும் போனுக்குப் புது பேக்கப் இருக்கா? இல்லைன்னா முதலில் அதை எடுங்க. தேதியைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பழையதைத் தொடணும்.

2. பழைய போனில் இருந்தது எல்லாம் புது போனுக்கு வந்துடுச்சா? பழைய வருஷ போட்டோக்கள் புது போனில் தெரியுதான்னு ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பார்த்து பயனில்லை. உள்ளே எல்லாம் நீளமான எழுத்தும் எண்ணுமாகத்தான் பெயர் இருக்கும், போட்டோவாகத் தெரியாது.

3. சம்பளம், வரி சம்பந்தமான எதுவும் அதில் மட்டும் இருக்கா? பழைய கம்பெனி பே ஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் ஸ்க்ரீன்ஷாட், வாடகை ஒப்பந்தம். வேலை மாறிய பிறகு இதையெல்லாம் திரும்பக் கேட்டு வாங்குவது அலைச்சல்.

மூணில் ஒண்ணுக்கு "தெரியலையே" என்று பதில் வந்தால், அழிக்காதீங்க. அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து வெச்சுட்டு, பிறகு லேப்டாப்பில் இருந்து எடுங்க.

அழிக்கும் முறை

*மேக்கில்:* 2019-ல் வந்த கேட்டலினா முதல் ஐடியூன்ஸ் தனியாகக் கிடையாது. போனை இணைத்து, ஃபைண்டரில் போன் பெயரைத் தொட்டு, "மேனேஜ் பேக்கப்ஸ்" அழுத்துங்க. எந்தப் போன், எந்தத் தேதி என்று பட்டியல் வரும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து "டெலீட் பேக்கப்".

*விண்டோஸில்:* ஐடியூன்ஸ் திறந்து "எடிட்", "ப்ரிஃபரன்சஸ்", "டிவைசஸ்". அங்கேயும் தேதியோடு பட்டியல் இருக்கும்.

*ஆண்ட்ராய்டு வெச்சிருக்கவங்க:* சாம்சங் ஸ்மார்ட் ஸ்விட்ச் மூலம் லேப்டாப்பில் பேக்கப் எடுத்திருந்தால், அந்த ஆப்பின் செட்டிங்ஸில் எந்த ஃபோல்டரில் சேமிக்கிறது என்று இருக்கும். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்துத்தான் அது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போ அதே 15 ஜிபியில்தான் கணக்காகுது. பேக்கப்பில் வீடியோ சேர்வதை ஆஃப் செய்தாலே நிறைய இடம் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: பேக்கப் ஃபோல்டருக்குள் போய் "இது பெருசா இருக்கு" என்று சில ஃபைலை மட்டும் அழிக்காதீங்க. மொத்த பேக்கப்பும் கெட்டுப்போகும். எடுத்தால் முழுசா எடுங்க, இல்லைன்னா விடுங்க.

லேப்டாப்பை விற்பவர்கள் கவனத்துக்கு

பழைய பேக்கப் இடத்தை மட்டும் அடைக்கலை. உங்க எஸ்எம்எஸ், பேங்க் மெசேஜ், ஆதார், பான் போட்டோ எல்லாம் அதில் இருக்கலாம். பேக்கப் எடுக்கும்போது "என்க்ரிப்ட்" டிக் போடலைன்னா, அந்த லேப்டாப் யார் கைக்குப் போகுதோ அவங்க கையில் உங்க ஆவணங்களும் போகுது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப்பை இப்பவும் வீட்டில் வெச்சிருக்கவங்க, செகண்ட் ஹேண்டில் கொடுக்கும் முன் இதை மறக்காதீங்க.

விண்டோஸில் "ரீசெட் திஸ் பிசி", "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து, அதன் கூடுதல் செட்டிங்ஸில் "கிளீன் டேட்டா"வையும் ஆன் செய்யுங்க. நேரம் எடுக்கும், பரவாயில்லை.

புது பேக்கப்புக்கு என்க்ரிப்ட் போடுவது நல்லது. ஆனா அந்த பாஸ்வேர்டை மறந்தால் ஆப்பிளாலும் அந்த பேக்கப்பைத் திறக்க முடியாது. வீட்டு டைரியில் எழுதி வெச்சுடுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை

அரை மணி நேரம் ஒதுக்குங்க. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ். இப்போ எவ்வளவு காலி இருக்குன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. மூணு கேள்விக்கும் பதில் சொல்லி, பழைய பேக்கப்பை எடுத்த பிறகு மறுபடி எழுதுங்க.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்க இலவசமாக வாங்கிய ஸ்டோரேஜ். அதுக்கப்புறமும் இடம் பத்தலைன்னா தைரியமா செலவு பண்ணுங்க. அப்போ அது தேவைக்கான செலவு.