லொறி ரயருக்கு எவ்வளவு காற்று?

ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானையும் விதைநெல்லையும் ஒரே லொறியில் ஏற்றுகிறோம். அந்தப் பாரத்தைத் தாங்குவது ரயருக்குள் அடைத்த காற்றே. காற்றுக் குறைந்தால் ரயர் நசிந்து நசிந்து சூடேறி, ஓட்டத்தில் வெடிக்கும்.

1. புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளப்போம். ஓடிச் சூடான ரயர் கூடுதலாகக் காட்டும். அப்போது காற்றைத் திறந்துவிடக் கூடாது.

2. வானுக்குரிய அளவு பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். லொறிக்குப் பாரத்துக்கேற்ப அடிப்போம். ரயரில் பொறித்த உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

3. பின்பக்க இரட்டை ரயர்களில் காற்று சமமாக இருக்கவேண்டும். உள்ரயர் இறங்கினால் வெளிரயரே பாரத்தைச் சுமக்கும்.

4. 100 இறாத்தல் வேண்டிய ரயர் 80க்கு இறங்கியிருந்தால், கழற்றிச் சோதித்த பின்பே காற்றடிப்போம்.

காற்றுமானி ஒன்றைச் சங்கத்தில் வாங்கி வைத்தால் எல்லோரும் பாவிக்கலாம்.