எருமைப் பட்டிக்குப் புதிதாய் வரும் தம்பிமாருக்கு

நிந்தவூரில் வாப்பாவின் பட்டியைப் பொறுப்பெடுக்கும் பிள்ளைகள் தயிர் முட்டியின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

1. ஒரு கொப்பி வையுங்கள். எருமையின் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். ஜனவரி முதலாந் திகதி கடா சேர்ந்தால் கன்று நவம்பர் முதற்கிழமை விழும்.

2. பசுவைப்போல் எருமை கத்திக் காட்டாது. இரவிலும் விடியலிலும்தான் கடா சேரும். பெரும்பாலும் நம் கண்ணில் படாது. அதனால் இரண்டு மாதத்துக்கொரு தடவை மிருக வைத்தியரைக் கூட்டிவந்து கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழகிய கைக்கு இரண்டு மாதச் சினை தெரியும்.

3. கன்றைக் கொல்லும் பெரும்புழு மண்ணிலிருந்து வருவதாகத்தான் நானும் இளவயதில் நம்பினேன். ஒரு மழைக்காலம் மூன்று கன்றுகள் அடுத்தடுத்து மௌத்தாகின. வயிறு முட்டிபோல் ஊதி, உரோமம் சிலிர்த்து, சாம்பல்நிறக் களிமண்போல் நாறிக் கழிந்தன. ஒன்றின் குடலைக் கீறினால் ஒரு சாண் நீளத்தில் வெள்ளைப் புழுக்கள், கயிறு திரித்தாற்போல். அவை தாயின் பாலில் வந்தவை. தாயின் உடம்பில் குஞ்சுப்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். கன்று ஈனும் காலத்தில் மடிக்கு இறங்கும். ஈன்ற முதல் ஒன்பது நாளளவில் பாலோடு கன்றுக்குள் போய்விடும். ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கணக்கை வைத்துத்தான் 1989இல் மருந்துக்கான நாளைச் சொன்னார்: பிறந்து பத்துக்கும் பதினாறுக்கும் இடையில் ஒரே வேளை. பைரன்டெல் கொடுக்கலாம், அளவை வைத்தியர் நிறைபார்த்துச் சொல்லட்டும். அதற்கு முன்னென்றால் பின்னால் வரும் புழு தப்பிவிடும். மாதம் கடந்தால் சாணத்தில் முட்டை விழுந்து பட்டியெங்கும் பரவிவிடும்.

4. புழுவுக்குப் பயந்து கடும்புப்பாலைத் தடுக்காதீர்கள். அதில்லாத கன்று வேறு நோயில் போய்விடும்.

5. சினை தெரியாமல் பட்டி முழுக்கப் பூச்சிமருந்து ஊற்றாதீர்கள். அல்பென்டசோல் முதல் ஒன்றரை மாதக் கருவைக் கெடுக்கக்கூடும். கொப்பியைக் காட்டிவிட்டு மருந்து கேளுங்கள்.

6. அறுவடை முடிந்து வட்டைக்குள் பட்டியை விடும்போது ஊரி பெருத்த வாய்க்கால் ஓரத்தைத் தவிருங்கள். ஈரல் தட்டைப்புழு அந்த ஊரிக்குள் வளர்ந்துதான் புல்லில் ஒட்டுகிறது. ஈர வைக்கோலின் அடித்தாளிலும் இருக்கும்; நன்றாகக் காயவிடுங்கள். தாடைக்குக் கீழே நீர்கோத்துத் தொங்கினால் காலம் கடந்துவிட்டது.

7. கன்று கருவிலே விழுந்தால் இளங்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்கும் எறியாதீர்கள். வைத்தியருக்குச் சொல்லிவிட்டு ஆழப் புதையுங்கள்.

8. மருந்து கொடுத்த எருமையின் பாலை, வைத்தியர் சொன்ன நாள்வரை தயிருக்கு ஊற்றாதீர்கள். அந்த முட்டியை வாங்கிப் போகிறவர் பிள்ளைக்குத்தான் கொடுப்பார்.

இன்று ஈன்ற கன்று உங்கள் பட்டியில் இருந்தால், பதினான்காம் நாளை இப்போதே கொப்பியில் குறித்துவிடுங்கள்.