மேற்கோள் எண்ணைப் பார்த்து அறுவை டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் அண்ணனுக்கு 38 வயது, டேனரியில் வேலை. சின்ன வயதிலிருந்தே பீடி பிடிப்பார். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஒரு வருடமாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே பாதம் இழுத்துப் பிடிக்கிறது என்பார். இப்போது இடது காலில் ஒரு விரல் புண்ணாகி நுனி கறுத்துவிட்டது. ராத்திரியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால்தான் வலி அடங்குகிறது. இரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போகும்படி இங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகன் கூகுள் ஸ்காலரில் தேடி இரண்டு பேரை எடுத்தான். ஒருவருக்கு மேற்கோள் 2,000-க்கு மேல், எச்-இண்டெக்ஸ் 22. மற்றவருக்கு மேற்கோள் 140, எச்-இண்டெக்ஸ் 6. முதல் டாக்டரைப் பார்க்க ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார்கள். எண்ணில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, காத்திருந்தாவது அவரிடமே போவதுதானே சரி?

– ஆம்பூர் வாசகி

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. படுத்தால் வலி, தொங்கப்போட்டால் ஆறுதல், விரல் நுனியில் கறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் காலுக்கு இரத்தம் போதவில்லை என்று பொருள். இதற்கு நாள் கணக்கில்தான் அவகாசம். இரண்டு பேரில் யார் இந்த வாரம் பார்க்கிறாரோ அவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், கறுத்த இடத்தை வீட்டில் வெட்டாதீர்கள். சுண்ணாம்புத் தொட்டி, குரோம் தண்ணீர் பக்கம் அந்தக் கால் போகக் கூடாது. டேனரிக்கு விடுப்புச் சொல்லிவிடுங்கள். பீடி இன்றோடு நிற்க வேண்டும். குறைத்துக்கொள்வது பலன் தராது.

இனி உங்கள் மகன் எடுத்த எண்களுக்கு வருகிறேன். அவன் தேடிப் பார்த்தது நல்ல காரியம். ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

ஒரு ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதும்போது, தான் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளைக் கடைசியில் பட்டியலிடுவார். அப்படி ஒருமுறை இடம்பெறுவது ஒரு மேற்கோள். இவற்றைத் தொகுத்து எண்ணலாம் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் யோசனை சொன்னவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. 1964-இல் அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. ஒரு பழைய கட்டுரையைப் பிறகு யார் எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று தடம் பிடிப்பதே அதன் முதல் நோக்கம். ஆளுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டது. எச்-இண்டெக்ஸ் 2005-இல் வந்தது. கொடுத்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். எச்-இண்டெக்ஸ் 22 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 22 முறை மேற்கோள் காட்டப்பட்ட 22 கட்டுரைகள் அவரிடம் உள்ளன என்று அர்த்தம். பன்முகம் கொண்ட ஒருவருடைய பணியை ஒற்றை எண்ணால் தோராயமாகத்தான் காட்ட முடியும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கையை எண்ணைக் காட்டுகிற பலரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. அறுவை செய்வதை நிறுத்திப் பத்து வருடம் ஆனவருக்கும் ஏறிக்கொண்டேயிருக்கும். இளம் டாக்டருக்குக் குறைவாகத்தான் இருக்கும். பலர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில் நடுவில் எங்கோ பெயர் இருந்தாலும், முழு மேற்கோளும் அவர் கணக்கில் விழும். காலின் தமனி அடைப்புக்கு 2007-இல் வெளியான 'டாஸ்க் 2' என்ற பன்னாட்டு வழிகாட்டு ஆவணம் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றது. அந்த மாதிரி ஒன்றில் பெயர் இருந்தாலே போதும், மொத்தம் எங்கோ போய்விடும். நம் பெயர்களால் வேறொரு குழப்பமும் உண்டு. அப்பா பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே கொண்ட நம் டாக்டர்களின் கட்டுரைகள், அதே பெயருள்ள இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாமவருடைய 2,000-இல் எத்தனை அவருடையவை என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் உங்கள் அண்ணனின் காலிலேயே இருக்கிறது.

நாற்பது வயதுக்குள், சர்க்கரை இல்லாமல், பீடி பிடிப்பவருக்கு, பாதத்தில் தொடங்கும் வலி. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் இந்த விவரத்தைக் கேட்ட எந்த இரத்தநாள டாக்டருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பர்கர் நோய்தான். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் லியோ பர்கர், வெட்டியெடுக்கப்பட்ட 11 கால்களின் இரத்தக்குழாய்களை ஆராய்ந்து 1908-இல் இதை விவரித்தார். புகையிலைதான் இதை வளர்க்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்கள் வீங்கி, இரத்தம் உறைந்து, அடைத்துக்கொள்ளும். கீழே கொண்டுபோய் இணைக்க நல்ல குழாய் கிடைக்காததால் பைபாஸ் செய்வது கடினம். ஆனால் புகையிலையை முழுக்க விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காலை எடுக்க வேண்டி வருவதில்லை. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான பலன் அரிதாகத்தான் கிடைக்கும்.

இப்போது மேற்கோளோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி ஓலின் 2000-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இந்நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கால் தமனி நோயாளிகளில் பர்கர் நோய் உள்ளவர்கள் மேற்கு ஐரோப்பாவில் 0.5 முதல் 5.6 சதவீதம் வரை, இந்தியாவில் 45 முதல் 63 சதவீதம் வரை என்று பழைய ஆய்வுகளிலிருந்து அதில் எடுத்துக் காட்டியிருக்கிறார். நோய் இங்கே குவிந்திருக்கிறது. ஆனால் உலகில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது அந்த அமெரிக்கக் கட்டுரையை. தவறு அவருடையதல்ல, நேர்த்தியாக எழுதினார், பெரிய இதழில் வந்தது, எல்லோரும் படித்தார்கள். மேற்கோள் என்பது நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறுவதில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அது குவியும். பேர்ணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் இந்த வட்டாரத்தில், பீடி பிடித்தவர்களின் கால்களையே வருடக்கணக்கில் பார்த்து, அதைப் பற்றி நாலைந்து கட்டுரை எழுதிய ஒரு டாக்டருக்கு மேற்கோள் 140 என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தக் கட்டுரைகளை எடுத்தாள வேண்டியவர்கள் மேற்கே குறைவு, இங்கே எழுத நேரம் உள்ளவர்கள் குறைவு.

மேற்கோளில் சிக்காத பயன் எவ்வளவு என்பதற்கு உங்கள் மாவட்டத்துப் பக்கமே சாட்சி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீர்படுத்தும் அறுவைகளை 1940-களின் கடைசியில் தொடங்கினார். உணர்ச்சியில்லாத பாதத்தில் புண் வருவது நோய்க்கிருமியால் அல்ல, ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தால் என்று அவரும் கூட இருந்தவர்களும் கண்டறிந்தார்கள். அதற்கான மருந்து அறுவை மேசையில் இல்லை, காலணியில் இருந்தது. காட்பாடி அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மையத்தில் மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்புகள் செய்யப்பட்டன. இன்று தமிழ்நாடு முழுக்கச் சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 'எம்.சி.ஆர். செருப்பு' அதுதான். அதைப் போட்டு நடக்கிறவர் எவரும் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. அதைத் தைத்துக் கொடுப்பவரும் காட்டுவதில்லை. (உங்கள் அண்ணனுக்கு இப்போது அந்தச் செருப்பு போதாது. அது உணர்ச்சி இழந்த காலுக்கு. இவருக்குக் குறைவது இரத்தம்.)

அதற்காக மேற்கோளை ஒதுக்கித் தள்ளிவிடவும் முடியாது. சில நேரம் அது உண்மையான பயனையே காட்டும். பர்கர் எழுதிய அதே 1908-இல் ஜப்பானில் மிக்கிட்டோ தகயாசு என்ற கண் மருத்துவர் வேறொரு இரத்தக்குழாய் நோயை எடுத்துச் சொன்னார். பெரிய தமனிகள் வீங்கிச் சுருங்கும். இளம்பெண்களுக்கு அதிகம் வரும். கையில் நாடியே கிடைக்காமல் போகும். நோய் அடங்கியிருக்கிறதா, எரிந்துகொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அதில் பெரிய சிரமம். நாடி, இரத்த அழுத்தம், குழாயில் கேட்கும் ஓசை, அண்மையில் புதிதாக வந்த தொல்லைகள் ஆகியவற்றை வைத்து, வெளிநோயாளி அறையிலேயே புள்ளி போடும் ஒரு முறையை இந்திய மருத்துவர்கள் உருவாக்கினார்கள். 'ஐடாஸ் 2010' என்று பெயர். ராம்நாத் மிஸ்ரா, வேலூர் சி.எம்.சி.யின் தேபாஷிஷ் தண்டா முதலியோர் 2013-இல் 'ருமட்டாலஜி' இதழில் அதை வெளியிட்டார்கள். தண்டா அறுவை டாக்டர் அல்ல, வாதநோய் நிபுணர். ஆனால் பிற நாட்டு ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவது, தங்கள் நோயாளிகளை அந்த அளவுகோலால் அளந்ததால். நோயாளி இருக்கும் ஊரிலிருந்து கிளம்பிய வேலை உலகம் சுற்றுவதை அப்போது மேற்கோள் நேர்மையாகச் சொல்கிறது. இப்படிப்பட்ட மேற்கோளுக்கு நான் தலை வணங்குவேன்.

ஆகவே எண்ணை மூடிவிட்டு, தலைப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். கால் தமனி, பர்கர் நோய், புண், காலை எடுத்தல் பற்றி யார் எழுதியிருக்கிறார்? கழுத்துத் தமனியிலும் வயிற்றுத் தமனி வீக்கத்திலும் பேர் வாங்கியவர் உங்கள் அண்ணனின் கணுக்காலுக்கும் அதே அளவு தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி ஐந்து வருடத்தில் எழுதியிருக்கிறாரா, பெயர் முதலிலோ கடைசியிலோ வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து எத்தனை பேருக்குக் கால் மிஞ்சியது என்று சொந்த நோயாளிகளின் கணக்கை, தோல்விகளையும் சேர்த்து வெளியிட்டவரா? அப்படி ஒரே ஒரு கட்டுரை இருந்தாலும், மேற்கோள் பத்தே என்றாலும், நான் அவரைத்தான் நம்புவேன். உங்கள் கம்பெனியில் ஒரு ஷிஃப்டில் எத்தனை ஜோடி முடிந்தது என்ற கணக்கு, எந்த ஜோடி யார் காலைக் கடிக்கும் என்று சொல்வதில்லை அல்லவா?

கூடவே ஒன்று: பட்டியலில் ஒன்றுமே இல்லாத நல்ல கைகளும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் காலை முதல் மாலை வரை அறுவை செய்கிற பலருக்கு எழுத உட்கார நேரம் கிடைப்பதில்லை.

டாக்டரைப் பார்த்ததும் நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். "இந்த மாதிரிக் கால்களை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்களா? பலூன் வைத்துத் திறப்பது, பைபாஸ் இரண்டும் இங்கேயே செய்கிறீர்களா? எதுவும் செய்ய முடியாது என்றால் வலிக்கும் புண்ணுக்கும் என்ன வழி? பீடியை விட உதவ ஆள் இருக்கிறாரா?" கடைசிக் கேள்விக்கு அவர் எவ்வளவு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். பர்கர் நோய் என்று முடிவானால் அண்ணனின் காலைக் காப்பாற்றப் போவதில் பெரிய பங்கு பீடியை விடுவதற்குத்தான். ஹான்ஸ், மூக்குப்பொடி எல்லாமே புகையிலைதான் என்பதையும், நிகோட்டின் சூயிங்கம்மைக்கூட டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதையும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணனுக்கு டேனரியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் டிஸ்பென்சரியில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், இதுவரை எடுத்த ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வேலூர் சி.எம்.சி.யில் இரத்தநாள அறுவைக்குத் தனித்துறை இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. வலி கூடினாலோ, கறுப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ தேதி பார்க்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.