லய வீடு யாருடைய வீடு?

லிங்கிப் பக்கம் இப்போது செம்பனைதான். நம் தாத்தா பாட்டி காலத்தில் பால்மரம். விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுவதற்குள் வெட்டு. பால் வெட்டிய கைகள் பிறகு நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கப் பழகின. வேலை மாறியது, ஆனால் லயம் மாறவில்லை. வாடகை இல்லை, கோயில் பக்கம், பள்ளியும் பக்கம். "நமக்கென்ன குறை?" என்று இருந்துவிட்டோம். வேலை போனால் வீடும் போகும் என்பதை அதிகம் பேர் யோசிக்கவில்லை.

1957 சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பல குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியே வந்தன. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. அன்றைய கூலிக்கு 10 வெள்ளி லேசுப்பட்ட பணமா? கட்டினவர்களும் பயந்துகொண்டுதான் கட்டியிருப்பார்கள். என்னைக் கேட்டால், அதுதான் துணிச்சல்.

தம்பி தங்கைகளே, இன்று நம்முடைய லயம் எது? பழகிப்போன வேலை, 'அப்புறம் பார்க்கலாம்லா' என்ற பேச்சு... அடுத்த கூட்டத்துக்கு ஒன்று எழுதிக்கொண்டு வாங்க: நாளைக்கே வேலை நின்றால் கையில் வேறு என்ன தொழில் இருக்கு? தாள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. வெல்டிங்கா, ஏர்கோனா, லாரி லைசன்ஸா, எதில் சேரலாம் என்று அங்கேயே உட்கார்ந்து பேசுவோம்.